மங்கும் திரையும் பேட்டைக் கடைகளும்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த மாதம் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி தியேட்டரில் காசு கொடுத்து நொந்துபோனவர்களுடையவை. மீதி, வார இறுதியில் கேமராவோடு குடியிருப்புப் பேட்டை பேட்டையாக அலைந்து பழைய கடைகளைப் படமெடுப்பவர்களுடையவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாகப் பதில் சொல்லியிருக்கிறோம்.

ஒரே தமிழ்ப் படத்தை இரண்டு தியேட்டர்களில் பார்த்தேன். ஒன்றில் இரவுக் காட்சிகள் தெளிவு. மற்றதில் கதாநாயகன் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. கோளாறு என் கண்ணிலா, படத்திலா?
— வாசகி, ஈசூன்

இரண்டு இடத்திலும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்பதால் கண்ணையும் படத்தையும் விட்டுவிடலாம். கோளாறு அந்த அரங்கில்தான். டிஜிட்டல் சினிமாவுக்கு வகுத்த அளவுப்படி, வெள்ளைத் திரையின் நடுவில் 14 அடி-லாம்பர்ட் வெளிச்சம் இருக்கவேண்டும். சதுர மீட்டர் கணக்கில் 48 கேண்டெலா. பல அரங்குகள் இந்த அளவை எட்டுவதில்லை.

முதல் காரணம் விளக்கு. செனான் விளக்கு மாட்டிய நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வரும். அது அணைந்துபோகாததால், மாற்றும் செலவைத் தள்ளிப்போடுவது சுலபம். லேசர் புரொஜெக்டர் உள்ள அரங்குகளில் இந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது காரணத்தை ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், யாராவது சொன்னால். 3டி படத்துக்காக லென்ஸுக்கு முன்னால் வைக்கும் போலரைசர் வடிகட்டியைக் கழற்றாமலேயே சாதாரணப் படத்தை ஓட்டிவிடுவார்கள். அந்த வடிகட்டி பாதிக்கும் மேற்பட்ட ஒளியை விழுங்கிவிடும். சில சோனி 4கே புரொஜெக்டர்களில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. திரும்பி, புரொஜெக்டர் அறையின் கண்ணாடியைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒளிக்கற்றைகள் வந்தால் 3டி லென்ஸ் இன்னும் மாட்டியே இருக்கிறது. 3டிக்காகப் போட்ட வெள்ளித் திரையில் இன்னொரு தொல்லையும் உண்டு: நடுவே பளிச்சென்றும் ஓரங்கள் அழுக்காகவும் தெரியும். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் திரையின் மறுபாதி இருண்டுவிடும்.

படம் தொடங்குமுன் வரும் முன்னோட்டங்களிலேயே சோதித்துவிடலாம். வெள்ளை எழுத்துகள் வெள்ளையாக இருந்து, படம் மட்டும் இருட்டாக இருந்தால் ஒளிப்பதிவாளர் அப்படி விரும்பியிருக்கிறார். முன்னோட்டத்தின் வெள்ளையே பழைய வேட்டி மாதிரி தெரிந்தால் புரொஜெக்டர்தான். ஆனால் வெயிலிலிருந்து நேராக உள்ளே போயிருந்தால் கண் பழக 10 நிமிடமாவது கொடுங்கள்.

இன்று பெரும்பாலான காட்சிகள் தானாக ஓடுகின்றன. அறையில் ஆள் இருப்பதில்லை. திரை எப்படித் தெரிகிறது என்று தியேட்டர்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே வந்து பணியாளரிடம் ஹால் எண்ணையும் நேரத்தையும் சொல்லி, "3டி வடிகட்டி கழற்றியிருக்கிறதா என்று பாருங்கள்" என்று கேளுங்கள். "படம் நல்லா தெரியல" என்று பொதுவாகச் சொன்னால் "செக் பண்றோம்" என்பதோடு முடிந்துவிடும்.

பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கின்றன. வசனம் மட்டும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டச் சொல்வதா, குறைக்கச் சொல்வதா?
— வாசகர், பிடோக்

இரண்டும் வேண்டாம். ஏன் என்று பார்ப்போம். திரைக்குப் பின்னால் இடம், நடு, வலம் என்று மூன்று ஒலிபெருக்கிகள் இருக்கும். வசனம் கிட்டத்தட்ட முழுவதும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். இசை மற்ற எல்லாவற்றிலும் பரவியிருக்கும். நடு ஒலிபெருக்கியின் உச்சஸ்தாயிப் பகுதி பழுதானால் பாட்டு குறையில்லாமல் கேட்கும். வசனம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வரும்.

அதைவிடப் பரவலான காரணம் இது. டால்பி கருவியில் ஒலியளவுக் குமிழ் 0 முதல் 10 வரை போகும். படத்தை ஒலிக்கலவை செய்யும்போது கேட்கும் அளவு 7. ஒரு படத்தின் சண்டைக்காட்சி அதிர்கிறது என்று யாராவது புகார் செய்தால் குமிழை 5க்கு இறக்குவார்கள். 4க்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறத்தாழ 3.3 டெசிபெல் மாறுவதால், 7லிருந்து 5 என்பது கிட்டத்தட்ட 6.7 டெசிபெல் இறக்கம். சண்டை அப்போதும் சத்தமாகத்தான் இருக்கும். மெதுவாகப் பேசும் காட்சிகள் ஏர்கான் இரைச்சலில் மூழ்கிவிடும். அடுத்த படத்துக்குக் குமிழைத் திரும்ப ஏற்ற மறந்துவிடுவார்கள்.

ஆகவே புகாரில் துல்லியம் வேண்டும். "இத்தனை மணிக் காட்சி, இந்த ஹால், வசனம் நடுவிலிருந்து வரவில்லை" என்றால் தொழில்நுட்பர் எதைச் சோதிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இருக்கை எடுக்கும்போது திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வரிசையின் நடுவில் எடுங்கள். கடைசி வரிசையும் சுவரோர இருக்கைகளும் பக்கவாட்டு ஒலிபெருக்கிகளுக்கு மிக அருகில் இருப்பதால், கைதட்டலும் மழையும் வசனத்தை அமுக்கிவிடும். காது கூசுபவர்கள் மஞ்சள் நுரை அடைப்பானைத் தவிர்க்கலாம். அது மெல்லெழுத்து, வல்லெழுத்து வேறுபாட்டையே அழித்துவிடும். இசைக்கலைஞர்கள் அணியும், எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கும் வகை விற்கிறது. அது போதும்.

ஆங்கில சப்டைட்டிலின் கீழ்வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது. படமே அப்படித்தான் வருகிறதா?
— வாசகர், செங்காங்

இல்லை. அகல-உயர விகிதம் 2.39:1 உள்ள அகலப் படத்துக்கும் 1.85:1 உள்ள படத்துக்கும் லென்ஸ் அமைப்பு வேறு. தவறான அமைப்பு தேர்வாகியிருந்தால் படம் திரைக்கு வெளியே வழியும். பக்கத்துக் கறுப்புத் துணியில் ஒளி விழுகிறதா பாருங்கள், விழுந்தால் உறுதி. ஒரு பொத்தானில் சரியாகும் விஷயம், உடனே சொல்லுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிவது மட்டும் என்றால் அது குறையில்லை.

முதல் நாள் முதல் காட்சி ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. "கீ வரவில்லை" என்றார்கள். பக்கத்து ஹாலில் அதே படம் ஓடியது! எங்களை அங்கே மாற்றியிருக்கலாமே?
— நண்பர்கள் குழு, உட்லண்ட்ஸ்

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அவர்கள் சொன்னது சாக்கு என்று நினைக்க வேண்டாம். படம் பூட்டிய கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் என்னும் சாவியும் தனியாக வரும். அந்தச் சாவி குறிப்பிட்ட படத்துக்கு, குறிப்பிட்ட ஹாலின் சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்திலிருந்து குறிப்பிட்ட நேரம்வரை மட்டுமே செல்லும். 3ஆம் ஹாலின் சாவி 4ஆம் ஹாலைத் திறக்காது. பழுதான சர்வர் பலகையை முந்தைய வாரம் மாற்றியிருந்தால் பழைய விவரத்துக்குச் செய்த சாவியும் செல்லாது.

தமிழ்ப் படங்களில் இது அடிக்கடி நேர்வதற்கு இன்னொரு காரணம், வெளியீட்டுக்கு முந்தைய இரவுவரை நீளும் பணப் பேச்சுவார்த்தை. பேச்சு முடியாமல் சாவி கிளம்பாது. நேரக் கணக்கிலும் சறுக்கல் வரும். இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். அங்கே காலை 8 மணிக்குத் திறக்கும் சாவி இங்கே 10.30க்குத்தான் திறக்கும்.

செய்யவேண்டியது: 20 நிமிடம் தாண்டினால் முகப்பில் "சாவி வந்துவிட்டதா, திறக்கும் நேரம் என்ன?" என்று கேளுங்கள். சாவி கையில் இருந்து நேரம் மட்டும் வரவில்லை என்றால் காத்திருக்கலாம். சாவியே வரவில்லை என்றால் எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது. கட்டடத்தைவிட்டுக் கிளம்புமுன் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இணையத்தில் எடுத்த சீட்டென்றால் முன்பதிவுக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சிறப்புக் காட்சிகளை நடத்துபவர் வேறு ஆளாக இருக்கலாம். பணம் யாரிடம் போனது என்பதை ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு வயது மகனோடு போனோம். இந்தியாவில் பெற்றோருடன் குழந்தைகள் பார்த்த படம். இங்கே வாசலில் தடுத்துவிட்டார்கள்.
— தந்தை, பொங்கோல்

இந்தியச் சான்றிதழ் இங்கே செல்லாது. நம் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தனியாக வகைப்படுத்துகிறது: ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21. முதல் மூன்றும் அறிவுரை. என்சி16லிருந்து சட்டம், அப்பா அம்மா கூடவே இருந்தாலும் வயது குறைந்தவரை விடமாட்டார்கள். வெட்டுக்குத்து மிகுந்த தமிழ்ப் படங்கள் என்சி16 ஆவது சர்வசாதாரணம். சீட்டு எடுக்குமுன் வகையைப் பாருங்கள், 16ஐத் தாண்டிய பிள்ளைகளிடம் வயதைக் காட்டும் அட்டை இருக்கட்டும்.

பேட்டைக் கடைகளைப் படமெடுத்தால் மேல்பாதி வெளுத்து, கடைக்குள் கும்மிருட்டு. எந்த நேரத்தில் போவது?
— வாசகர், அங் மோ கியோ

வெளிநாட்டுப் புகைப்படப் புத்தகங்கள் சொல்லும் நேரம் இங்கே பொருந்தாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு எழுந்து, சாயாமல் நேராக மேலே ஏறும். மணிக்கு 15 பாகை. பகல் 1 மணி அளவில் தலைக்குமேல் நிற்கும்.

கணக்கு போடுங்கள். கிழக்கு பார்த்த கடைக்கு 3 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் நீட்டிய கூரை என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்கு வெயில் 30 பாகையில் வரும். கூரையின் நிழல் சுவரில் 1.15 மீட்டர் இறங்கியிருக்கும். சாமான் அடுக்கிய கீழ்ப்பகுதி வெளிச்சத்தில் இருக்கும். 10 மணிக்கு நிழல் 2 மீட்டர் இறங்கிவிடும். கல்லாப்பெட்டியும் கடைக்காரர் முகமும் இருட்டில். ஆகவே கிழக்கு பார்த்த கடைக்கு 8 முதல் 9.15 வரை, மேற்கு பார்த்ததற்கு மாலை 5 முதல் 6.15 வரை.

வடக்கு பார்த்த கடை? மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில்தான் அதன் முகத்தில் நன்றாக வெயில் படும். தெற்கு பார்த்ததற்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. இது தெரியாமல் மூன்று முறை போய்த் திரும்பியவர்கள் உண்டு. கைப்பேசியின் திசைகாட்டியில் கடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதல் நாளே குறித்துவிடுங்கள். அவசரமென்றால் மேகமூட்டமான நாள் எல்லாக் கடைக்கும் நல்லது.

பெயர்ப்பலகையின் விளக்கும் வானமும் ஒன்றாக வேண்டுமென்றால் சூரியன் மறைந்து 10 முதல் 20 நிமிடத்துக்குள் எடுத்துவிடவேண்டும். நமக்கு அந்தி சட்டென்று முடிந்துவிடும். 25 நிமிடம் கழித்து வானம் கறுப்பு.

தூரத்துக்கு ஒரு சூத்திரம்: முழுச்சட்டக் கேமராவில் (சென்சாரின் அகலம் 36 மி.மீ.), படத்தில் அடங்கும் அகலம் = தூரம் × 36 ÷ லென்ஸின் மில்லிமீட்டர். 6 மீட்டர் அகலக் கடைக்கு 50 மி.மீ. லென்ஸ் என்றால் 8.3 மீட்டர் பின்னால் நிற்கவேண்டும்; 35 என்றால் 5.8 மீட்டர். கைப்பேசியின் சாதாரண லென்ஸ் கிட்டத்தட்ட 24 மி.மீ.க்குச் சமம். 4 மீட்டரிலேயே அடங்கிவிடும், ஆனால் பலகை வளைந்து, தூண்கள் உள்பக்கம் சாயும். 2 மடங்குப் பெரிதாக்கிப் பின்னால் போங்கள். கைப்பேசியை நிமிர்த்தாமல், சுவருக்கு இணையாகப் பிடியுங்கள்.

முன்னால் நிற்கும் கார்களும் லாரிகளும்தான் பெரிய தலைவலி. சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாளும் சரக்கு லாரி வராது, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். மடக்குக் கதவின் பழைய பெயின்டையும் தரை மொசைக்கையும் தடையில்லாமல் எடுக்க அதுவே சமயம்.

அனுமதி கேட்கவேண்டுமா?
— வாசகி, கிளிமெண்டி

பொதுநடைபாதையில் நின்று கடைமுகப்பை எடுக்கச் சட்டப்படி அனுமதி வேண்டாம். கடைக்குள்ளும் கடைத்தொகுதிக்குள்ளும் உரிமையாளர் வேண்டாமென்றால் அத்தோடு நிறுத்தவேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்று நான்கு மொழியில் பலகை வைத்த இடங்களைப் படமெடுக்கவே கூடாது. 2017ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் அதற்கானது.

சட்டம் இருக்கட்டும், மரியாதை வேறு. புளோக்கின் கீழ்த்தளத்து மாமாக் கடையில் (சிறு சில்லறைக் கடை) முதலில் ஏதாவது வாங்குங்கள். "ஐயா, கடைப் பலகையைப் படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள், சீனக் கடையில் "அங்கிள்" போதும். காலையில் பேப்பர் வாங்க வரும் நேரத்திலும் பள்ளி விடும் நேரத்திலும் போகாதீர்கள். சரியென்றால், கப்பியில் கயிறுகட்டித் தொங்கும் காசு டின் இருக்கிறதா என்று மேலே பாருங்கள். பழைய மளிகைக் கடைகளில் இன்றும் சில இருக்கின்றன. கேமராவை முகப்பு மேசையில் ஊன்றி 1/15 நொடியில் எடுத்தால் டின் இறங்கும் அசைவு தெரியும், அடுக்குகள் கூர்மையாக இருக்கும். அடுத்த முறை போகும்போது 4ஆர் (4×6 அங்குல) அளவில் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள். இதைச் செய்யாமல் விடவே விடாதீர்கள்.

கடைக்காரருக்கே பலகை எந்த வருடம் வைத்தது என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க வழியுண்டா?
— வாசகர், தோ பாயோ

பலகையின் கீழ் ஓரத்தை அருகே போய்ப் படியுங்கள். அஞ்சல் குறியீடு 6 இலக்கமென்றால் 1995 செப்டம்பருக்குப் பிந்தையது. 'சிங்கப்பூர் 0314' என்பது போல 4 இலக்கமென்றால் 1979க்கும் 1995க்கும் இடையில். 'சிங்கப்பூர் 12' என்று வட்டார எண் மட்டும் இருந்தால் அதற்கும் முந்தையது. தொலைபேசி எண் 8 இலக்கமானது 2002 மார்ச்சில்; வீட்டு, கடை எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்தது. 7 இலக்கத்துக்கு முன்னால் வேறு நிறத்தில், சற்றுக் கோணலாக ஒரு '6' ஒட்டியிருந்தால் பலகை பழசு, ஒட்டு புதுசு என்று பொருள். அந்த ஓரத்தை மட்டும் தனியாக ஒரு படம் எடுங்கள்.

தமிழ்ப் பலகையென்றால் இன்னொரு தடயம் உண்டு. லை, ளை, னை, ணை ஆகியவற்றுக்கு யானைத் தும்பிக்கை வளைவு போட்டிருக்கிறதா? அது பழைய எழுத்துமுறை. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது 1978ல். பழகிய கை உடனே மாறாது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். அஞ்சல் குறியீட்டோடு சேர்த்துப் பாருங்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களும் இருக்கின்றன. கடைப்பெயரையும் தெருப்பெயரையும் போட்டுத் தேடினால் தீபாவளி வாழ்த்து விளம்பரம் ஒன்றாவது சிக்கலாம்.

வீட்டைவிட்டு வெளியே வந்ததும் லென்ஸ் பனிபிடித்துவிடுகிறது.
— வாசகி, தெம்பனிஸ்

ஏர்கான் அறையில் குளிர்ந்த கண்ணாடி, வெளியே ஈரக்காற்று. துடைத்தால் மறுபடி பிடிக்கும். கிளம்புமுன் ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து 20 முதல் 30 நிமிடம் கழித்துத் திறங்கள். வீட்டில் உலர்பெட்டியை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள், இல்லையேல் பூஞ்சை வரும்.

எல்இடி பலகையில் கறுப்புக் கோடுகள் விழுகின்றன.
— வாசகர், பொத்தோங் பாசிர்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 நொடியில் எடுங்கள். ஓடும் எழுத்து எல்இடி பலகைக்கு அதுவும் போதாது. எதிலாவது ஊன்றி 1/30 நொடியைவிட மெதுவான வேகத்தில் எடுங்கள்.

பேட்டைகளில் முன்பு இருந்த தியேட்டர்களையும் எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?
— வாசகர், புக்கிட் மேரா

வடிவத்தை வைத்துத் தேடுங்கள். சுற்றிலும் ஜன்னல் உள்ள கட்டடங்களுக்கு நடுவே ஜன்னலே இல்லாத உயரமான சுவர், முன்னால் அகலமான படிகள், பக்கவாட்டில் இரட்டைக் கதவு வைத்த வெளிவாசல்கள், நெற்றியில் பெரிய விளம்பரப் பலகை மாட்டிய இடம். பயன் மாறினாலும் இந்த உடல் மாறாது. குவீன்ஸ்டவுனில் மார்கரெட் டிரைவின் வீனஸ் தியேட்டர் தேவாலயமாகிவிட்டது. மெக்கன்ஸி ரோட்டில் 1946ல் திறந்த ரெக்ஸ், தமிழ்ப் படம் பார்க்கும் பலருக்கும் பழக்கமான கட்டடம். யுவான் சிங் ரோட்டில் 1971 முதல் 1985 வரை நடந்த ஜூரோங் டிரைவ்-இன் போல, சிலவற்றுக்குக் கட்டடமே மிஞ்சவில்லை.

முகப்போடு நின்றுவிடாமல் பின்சந்துக்கும் போங்கள். அவசர வழிப் படிக்கட்டும் பழைய பெயின்டின் அடுக்குகளும் அங்கேதான் மிச்சமிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் புளோக் எண் அல்லது கட்டட எண், தெரு, தேதி, நேரம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்ற ஐந்தையும் அன்றிரவே எழுதிவிடுங்கள். கோப்பின் பெயரை 2025-02-14 என்பது போலத் தேதியில் தொடங்குங்கள். யாராவது சொன்ன தகவலென்றால் "கடைக்காரர் சொன்னது" என்று குறியுங்கள். இரண்டு வெவ்வேறு சாதனங்களில் வைத்து, மூன்றாவது பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். தங்ளின் ஹால்ட் பேட்டை சேர்ஸ் திட்டத்தில் (பழைய வீவக புளோக்குகளை மொத்தமாக எடுத்து மறுமேம்பாடு செய்யும் அரசுத் திட்டம்) போகிறது என்ற அறிவிப்பு 2014ல் வந்தது. அதன்பின் நிறையப் பேர் அங்கே போய்ப் படமெடுத்தார்கள். அந்தப் படங்களில் புளோக் எண்ணோடு இருப்பவற்றை இன்று எந்தக் கடை எந்த மூலையில் இருந்தது என்று பொருத்திப் பார்க்க முடிகிறது.